பேக்கரி சாண்ட்விச் மதிய உணவாகுமா?

சேலம், நாமக்கல், திருச்செங்கோடு போன்ற சமவெளி நகரங்களின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் சில, தம் வளாகத்துக்குள்ளேயே ரொட்டி சுடும் பேக்கரியையும் நடத்துவதால், கல்லூரி மாணவரும் அலுவலகப் பணியாளரும் தூக்குப் பாத்திரத்தை விடுத்து, கண்ணாடி போன்ற பெட்டியில் அடைக்கப்பட்ட சாண்ட்விச்சை மதிய உணவாக வாங்கும் வழக்கம் பரவி வருகிறது. இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே காய், சீஸ், முட்டை அல்லது கோழிக்கறி வைத்து, மயோனைஸ் தடவி அடுக்கிய இவ்வுணவைத் தீங்கானது என்று ஒதுக்குவதற்குக் காரணம் இல்லை. ஆனால் அதன் நன்மையும் தீமையும் ரொட்டியின் தோற்றத்தால் அல்லாமல், மாவு, தடவப்படும் கலவை, விற்கப்படும் வரை கழிந்த நேரம் ஆகிய மூன்றால் அமைகின்றன.

பழுப்பு நிறம் முழுக் கோதுமை ஆகாது

கோதுமை மணியின் தவிடும் முளையும் நீக்கப்பட்டபின் எஞ்சும் வெள்ளை மாவே மைதா. நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடுவதால், மைதா ரொட்டி விரைவில் செரித்து இரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்துகிறது. கைப்பட உருட்டிச் சுட்டது போன்ற தடித்த மேலோடும், மேலே தூவிய எள்ளும் ஓட்ஸும் அதன் உள்மாவை மாற்றுவதில்லை. கேரமல் என்னும் நிறமூட்டியைச் சேர்த்தால் மைதா ரொட்டியும் பழுப்பாகும். பெட்டியின் மேல் அச்சிடப்படும் பொருள் பட்டியல் எடை மிகுந்ததில் தொடங்கி இறங்குவரிசையில் அமைய வேண்டும் என்பது சட்டம் என்பதால், அதில் முதலாவதாக நிற்பது மைதாவா முழுக் கோதுமை மாவா என்று பார்ப்பதே போதுமான சோதனையாகும்.

சவர் டோ எனப்படும் புளிமாவு ரொட்டி, காட்டு ஈஸ்ட்டும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகளும் பல மணிநேரம் மாவைப் புளிக்கவைப்பதால் உண்டாவது. அவ்வாறு உண்மையாகப் புளித்த ரொட்டி சர்க்கரையைச் சற்று மெதுவாகவே உயர்த்துகிறது, ஆனால் புளிப்புச் சுவைக்காக மட்டும் அமிலம் சேர்த்த ரொட்டிக்கு அந்தப் பயனைக் கருத முடியாது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, தமிழ்நாட்டின் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணித்திருக்கையில், இந்த வேறுபாட்டைச் சிறிதென்று தள்ள இயலாது.

மயோனைஸும் பச்சை முட்டையும்

மயோனைஸ் என்பது முட்டைக்கரு, எண்ணெய், வினிகர் ஆகியவற்றை அடித்துச் சேர்க்கும் குழம்பு. மரபான செய்முறையில் முட்டை எந்தக் கட்டத்திலும் அடுப்பைக் காண்பதில்லை. முட்டையின் ஓட்டிலும் சில வேளைகளில் உள்ளேயும் இருக்கக்கூடிய சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி நன்றாகச் சூடாக்கினால் அழிந்துவிடும்; சூடாக்காத கலவையில் அது உயிரோடிருந்து, வெதுவெதுப்பான இடத்தில் பெருகும். இக்காரணத்தாலேயே கேரளம் 2023-இலும், தெலங்கானா 2024-இலும் பச்சை முட்டை மயோனைஸைத் தடைசெய்தன. தமிழ்நாடு அரசும் 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு அதன் தயாரிப்பையும் விற்பனையையும் தடைசெய்தது. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டை விளையும் நாமக்கல்லில் இத்தடை முட்டைக்கு எதிரானதாகக் கொள்ளப்படுமாயின் அது பெரும் பிழையாகும். தடைக்கு உள்ளானது சூடு காணாத முட்டையே அன்றி, முட்டை அன்று.

ஆதலால், மயோனைஸ் கடையிலேயே அடித்ததா, நிறுவனத்திலிருந்து உறைபொதியில் வந்ததா என்று வாங்குவோர் கேட்பது தவறாகாது. தொழிற்சாலைத் தயாரிப்புகளில் பெரும்பாலும் பாஸ்டரைசேஷன் செய்த முட்டை, அதாவது நுண்ணுயிரி அழியுமளவு மிதமாகச் சூடாக்கிய முட்டை, அல்லது முட்டையே இல்லாத கலவை பயன்படுகிறது. முட்டை சேர்ந்த பொருள் இந்தியச் சட்டத்தில் அசைவமாகையால், பெட்டியின் குறியீடே முதல் தகவலைத் தந்துவிடும். எனினும் முட்டை இல்லாததும் பெரும்பகுதி எண்ணெய்தான். வழக்கமான மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறத்தாழ 90 முதல் 100 கலோரி அடங்கும்.

வெயிலில் நேரமே நஞ்சாகும்

உணவில் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும் வெப்பநிலை 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையாகும். சமைத்த உணவை அறை வெப்பத்தில் 2 மணிநேரத்துக்கு மேல் வைக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. 32 டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் 1 மணிநேரமே எல்லை என்பது அமெரிக்க வழிகாட்டுதல். சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை எட்டும் சேலத்துக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். சேலத்தின் தட்டுவடை செட்டிலும் துருவிய பச்சைக் காய்களும் சட்னிகளும் உண்டு. ஆயினும் அது கண்முன் அடுக்கப்பட்டு, சில நிமிடங்களில் உண்ணப்படுகிறது. காலையில் அடுக்கிய சாண்ட்விச்சோ, குளிர்பெட்டியை விட்டு மேசைமேல் வைக்கப்பட்டு, பின்னர் இருசக்கர வண்டியின் பெட்டிக்குள் வெந்து, பிற்பகல் 2 மணிக்கு உண்ணப்படும்போது, அந்த எல்லையை எளிதில் கடந்துவிடுகிறது. கடையில் குளிர்பெட்டியில் இல்லாததை வாங்காதிருப்பதும், வாங்கியதை உடனே உண்பதுமே சரியான வழி.

முட்டை நாட்டுக்கு உகந்த தேர்வு

முழுமையாக அவித்த முட்டையை வெட்டி, வெங்காயம், மிளகுத்தூளுடன் முழுக் கோதுமை ரொட்டியில் வைத்ததே சாண்ட்விச் வகைகளுள் மேலானது என்று சொல்லலாம். ஒரு முட்டை ஏறத்தாழ 6 கிராம் புரதம் தருவதால், இரண்டு முட்டை வைத்தது பசியை நெடுநேரம் தாங்கும். மயோனைஸுக்குப் பதில் புதினாச் சட்னியோ கெட்டித் தயிரோ கேட்கலாம். ரொட்டி, சீஸ், பதப்படுத்திய இறைச்சி மூன்றிலும் உப்பு ஒளிந்திருப்பதால், நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு கொள்ள வேண்டிய இரத்த அழுத்த நோயாளிகள் இறைச்சி வகையைத் தவிர்ப்பது நலம்.

உபாதை கண்டால்

சால்மோனெல்லாவின் அறிகுறிகளான காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வயிற்று வலி ஆகியவை உண்ட 6 மணிநேரத்திலிருந்து 3 நாள் வரை எப்போது வேண்டுமானாலும் தோன்றலாம். உப்புச்சர்க்கரைக் கரைசலைப் பருகுவதே முதல் உதவி. குழந்தை, முதியவர், கருவுற்ற பெண் என்றால், அல்லது மலத்தில் இரத்தம் கண்டால், காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ரசீதையும் மிஞ்சிய உணவையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் அளித்தால், அதே கடையில் அதே நாளில் வாங்கிய மற்றவர்களைக் காக்க இயலும். ஆகவே அதை ஒருபோதும் தள்ளிப்போட வேண்டாம்.