புது பேட்டரி போட்டும் ‘டக்’ சத்தம்தானா? பழைய காரில் மின்கோளாறைத் தேடும் வழி

விடியற்காலை ஐந்தரை மணி. பிரட்டுக்கு நேரமாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றவில்லை. ‘டக்’ என்று ஒரே சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் மங்கிப்போகின்றன. பக்கத்து வீட்டுத் தம்பி எட்டிப் பார்த்து, “அண்ணே, பேட்டரிதான் போச்சு” என்கிறார். அன்றைக்கே கடன் சொல்லிப் புது பேட்டரி மாட்டியாகிறது. நான்காம் நாள் மறுபடியும் அதே ‘டக்’. இப்போது அல்டர்நேட்டர் என்கிறார் ஒருவர், ஸ்டார்ட்டர் என்கிறார் இன்னொருவர். இரண்டையும் மாற்றிய பிறகு பார்த்தால், கோளாறு இருந்தது இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் ஒரு பழைய எர்த் வயரில்.

பழைய கார் வைத்திருக்கும் பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவின் முதல் தலைமுறை உற்பத்தி 2008-இல் நின்றது. 1994-இல் வந்த பெரோடுவா கஞ்சில் 2009-இல் நின்றது. ஆக, அவற்றில் கடைசியாகப் பிறந்த வண்டிக்கும் பதினைந்து வயது தாண்டிவிட்டது. ஆனாலும் தோட்டத்து லயன்களிலும் தாமான்களிலும் இவை இன்னும் ஓடுகின்றன. பஸ் எட்டிப் பார்க்காத தோட்டத்தில் பிள்ளையைப் பள்ளியில் விடவும், அம்மாவை மருத்துவமனைக்குக் கூட்டிப் போகவும், ஷிப்ட் வேலைக்குப் போகவும் அந்த ஒரு கார்தான். வண்டி நின்றால் அன்றைய சம்பளமும் நிற்கும். அவசரத்தில் கண்டதையும் மாற்றுவது இதனால்தான்.

பழைய காரில் பெரிய பாகங்கள் கெடுவதைவிட, பாகங்களை இணைக்கும் முனைகள் கெடுவது அதிகம். வயருக்குள் இருக்கும் செம்பு எளிதில் சாகாது. அதன் நுனியில் இருக்கும் கவ்வி, போல்ட்டு, பிளக் ஆகியவைதாம் மழைத்தண்ணீரிலும் எண்ணெயிலும் துருப்பிடிக்கின்றன.

எர்த் என்பது ஏன் இவ்வளவு முக்கியம்?

பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து மின்சாரம் வயர் வழியாக விளக்குக்கோ ஸ்டார்ட்டருக்கோ போகிறது. அது திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் தனி வயர் கிடையாது. காரின் இரும்பு உடம்புதான் திரும்பும் பாதை. இன்ஜினோ ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. அதனால் இன்ஜினிலிருந்து பாடிக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் தடித்த எர்த் வயர் போட்டிருப்பார்கள். அதன் போல்ட்டு துருப்பிடித்தால் திரும்பும் பாதை அடைபடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் புரியும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். துருப்பிடித்த முனையில் வெறும் 0.02 ஓம் தடை இருந்தாலும், 100 ஆம்பியருக்கு 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். அதே முனை வழியாக 5 வாட் பல்பு ஒன்று எரிந்தால் இழப்பு 0.01 வோல்ட்கூட இருக்காது. பல்பு பளிச்சென்று எரியும். “லைட் நல்லா எரியுது, அதனால் வயரில் கோளாறு இல்லை” என்று முடிவு கட்டுவது தவறாகிப்போவது இங்கேதான்.

மூன்று அளவுகள்

தேவைப்படும் கருவி ஒரு மல்டிமீட்டர். ஹார்ட்வேர் கடைகளில் சில பத்து ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் சாதாரண ரகமே போதும். அதை டிசி 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்புக் குச்சியைப் பாசிட்டிவிலும் கறுப்பை நெகட்டிவிலும் வைக்க வேண்டும்.

முதல் அளவு, இரவு முழுக்க ஓய்ந்திருந்த காரில், காலையில் சாவி போடுவதற்கு முன். 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. இரண்டாவது, ஒருவர் சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது. நிறைந்திருந்த பேட்டரி அந்த நேரத்தில் 9.6-க்கும் கீழே விழுந்தால் அதன் பலம் போய்விட்டது என்று பொருள். நம் நாட்டு வெக்கையில் பேட்டரி ஈராண்டு தாங்கினாலே பெரிய காரியம். மூன்றாவது, இன்ஜின் ஓடும்போது. 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் அல்டர்நேட்டர் சார்ஜ் செய்கிறது. 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரித் தண்ணீர் கொதிக்கத் தொடங்கும்.

சார்ஜ் ஏறவில்லை என்றதும் அல்டர்நேட்டரைக் கழற்ற ஓட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு, சாவியை ‘ஆன்’ வரை திருப்பி, இன்ஜினைக் கிளப்பாமல், டேஷ்போர்டில் சிவப்புப் பேட்டரி விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பல பழைய கார்களில் அல்டர்நேட்டர் விழித்துக்கொள்ளத் தேவையான சிறு மின்சாரம் அந்த விளக்கின் வழியாகத்தான் போகிறது. அந்தக் குட்டி பல்பு பியூஸ் போயிருந்தால், நல்ல அல்டர்நேட்டரும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இன்ஜின் ஓடும்போதே பேட்டரி முனையைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று சோதிக்கும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அந்த நொடியில் மின்னழுத்தம் எகிறி, ரேடியோவையும் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையும் சுட்டுவிடக்கூடும். போமன் எவ்வளவு பழகியவராக இருந்தாலும் இதைச் செய்ய விடக்கூடாது.

மூன்று அளவில் முதலும் மூன்றும் சரியாக இருந்து, இரண்டாவதில் பேட்டரி பெரிதாக விழவும் இல்லை, ஆனாலும் ‘டக்’ என்றால், முனைகளைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டரின் ஒரு குச்சியைப் பேட்டரி நெகட்டிவ் ஈயக் குமிழின் மீதே (கவ்வியின் மீது அல்ல), இன்னொன்றை இன்ஜினின் சுத்தமான இரும்பில் வைத்து, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் மேலே, துணியும் கையும் பெல்ட்டுக்குத் தூரத்தில். மீட்டர் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. மீட்டர் இல்லாதவர்கள் ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜின் இரும்புக்கு மாட்டிப் பார்க்கலாம். ஸ்டார்ட்டர் உடனே விறுவிறுவென்று சுற்றினால் நோய் அகப்பட்டுவிட்டது.

மருந்து பெரும்பாலும் உப்புத்தாளும் ஸ்பானரும்தான். கழற்றும்போது கறுப்பு நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அதுவே கடைசியில். சிவப்பை முதலில் கழற்றினால், ஸ்பானர் பாடியில் தட்டித் தீப்பொறி பறக்கும். முனையில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடி அமிலம் கலந்தது. ஆப்ப சோடா கலந்த வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்தால் கரைந்துவிடும். கண்ணையும் கையையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரவில் குடிப்பது எது?

காலையில் மட்டும் பேட்டரி இறங்கியிருந்தால், இரவில் ஏதோ ஒன்று மின்சாரத்தைக் குடிக்கிறது. பூட் விளக்கு ஒன்று அணையாமல் இருந்தாலே போதும். 5 வாட் பல்பு மணிக்கு 0.4 ஆம்பியர் வீதம், ஒரு நாளில் சுமார் 10 ஆம்பியர்-மணி இழுக்கும். சின்ன காரின் பேட்டரி 35 ஆம்பியர்-மணி. இரண்டு, மூன்று நாள் நிறுத்தினால் வண்டி எழும்பாது.

இதைப் பிடிக்க, எல்லாவற்றையும் அணைத்து, கதவுகளை மூடி, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் மாட்ட வேண்டும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால் 0.05 ஆம்பியருக்குள் இருக்க வேண்டும். அதிகம் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். பெரும்பாலும் அது பிறகு மாட்டிய ரேடியோ, ஆம்பிளிபயர், அலாரம் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். எந்தப் பியூஸுக்கும் இறங்கவில்லை என்றால் அல்டர்நேட்டருக்குள் இருக்கும் டையோடு கசிகிறதா என்று வயர்மேனிடம் பார்க்கச் சொல்லலாம். மீட்டர் நடுவில் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யக்கூடாது, மீட்டர் கருகிவிடும். முடிந்ததும் குச்சியை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்தால் அடுத்த முறை அதே கதிதான்.

பியூஸில் விளையாட வேண்டாம்

பியூஸ் திரும்பத் திரும்பப் போனால், எங்கோ வயர் உரசி இரும்பைத் தொடுகிறது என்று பொருள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. சிவப்பு இருந்த இடத்தில் பச்சையைச் செருகினாலோ, சிகரெட் ஈயத்தாளைச் சுற்றி வைத்தாலோ, பியூஸ் உருக வேண்டிய நேரத்தில் வயர் உருகும். டேஷ்போர்டுக்குப் பின்னால் பற்றும் தீ கண்ணுக்குத் தெரியும்போது, பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களை இறக்க மட்டுமே நேரமிருக்கும்.

செம்பனைத் தோட்டத்தில் குடியிருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எலியை ஒழிக்க நிர்வாகங்கள் ஆந்தைக் கூடு வைத்து வளர்க்கும் இடம் அது. மழைக்காலத்தில் அந்த எலி சூடான இன்ஜின் மேல் வந்து படுத்து, வயரைக் கடிக்கிறது. போனட்டைத் திறந்தால் புழுக்கை, உமி, கடித்த ரப்பர் தெரியும். கடிபட்ட வயரை டேப் மட்டும் சுற்றி விட்டால் அடுத்த மழைக்குத் தண்ணீர் இறங்கும். ஈயம் வைத்து ஒட்டி, அதன் மேல் சுருங்கும் குழாய் போடச் சொல்ல வேண்டும்.

சிக்னல் விளக்கு ஒரு பக்கம் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது, அவ்வளவுதான். பிரேக் மிதித்தால் சிக்னலும் சேர்ந்து மினுக்கினால், அந்தப் பின்விளக்கின் எர்த் துருப்பிடித்திருக்கிறது.

வயர் சூடாகிறது, பிளாஸ்டிக் கருகிய வாடை வருகிறது என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம். நெகட்டிவைக் கழற்றிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுவதே சரி. மற்ற நேரங்களில் பட்டறைக்குப் போகும்போது, அந்த மூன்று வோல்ட் அளவுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொண்டுபோகலாம். “அங்கிள், ஓய்வில் 12.6, ஸ்டார்ட் செய்யும்போது 11.4, ஓடும்போது 14.1” என்று சொன்னால், எந்த வயர்மேனும் பேட்டரி மாற்றச் சொல்வதற்கு முன் எர்த் வயரைத் தொட்டுப் பார்ப்பார். பாகம் எதையாவது மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்கி, பூட்டில் போட்டுக்கொண்டு வரவும் மறக்க வேண்டாம்.