‘லொள்ளு சபா’ முதல் ‘தில்லுக்கு துட்டு’ வரை: ராம்பாலாவின் ‘கலாய்’ ஃபார்முலா என்ன?

மனோகர், மாறன், சேஷு, சுவாமிநாதன், ஜீவா. இந்தப் பெயர்களுக்கு முன்னால் ‘லொள்ளு சபா’ என்று சேர்த்தால்தான் பலருக்கு முகம் ஞாபகம் வரும். ஒரு டிவி நிகழ்ச்சியின் பெயரே நடிகர்களுக்கு இனிஷியல் ஆனது. அந்த நிகழ்ச்சியை இயக்கியவர் பெயர் மட்டும் பலருக்குச் சட்டென்று வராது. அவர்தான் ராம்பாலா.

டிவியில் என்ன செய்தார்?

2000-களில் விஜய் டிவியில் வந்த ‘லொள்ளு சபா’, ஹிட் படங்களைக் கலாய்ப்பதையே வேலையாக வைத்திருந்தது. பெரிய ஹீரோ படம் என்றும் பார்க்கவில்லை. ‘போக்கிரி’ அங்கே ‘பேக்கரி’ ஆனது. படத்தில் நாம் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட லாஜிக்கை, இங்கே ஒருவர் “ஏன்டா இப்படி?” என்று கேட்டுவிடுவார். அவ்வளவுதான் விஷயம். ஆனால், ஒரு படத்தைக் கலாய்க்க அது எப்படி வேலை செய்கிறது என்று அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்திருக்க வேண்டும்.

யாரெல்லாம் வந்தார்கள்?

இங்கே கவனம் பெற்ற சந்தானம், 2004-இல் ‘மன்மதன்’ மூலம் சினிமாவுக்குப் போனார். யோகி பாபுவும் இங்கே சிறு வேடங்களில் தலைகாட்டியவர்தான். 2009-இல் வந்த ‘யோகி’ படம்தான் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது.

சினிமாவில்?

டைரக்டருக்குத்தான் லேட். 2016-இல் ‘தில்லுக்கு துட்டு’ வந்தபோது, ‘காஞ்சனா’, ‘அரண்மனை’, ‘யாமிருக்க பயமே’ எல்லாம் வந்து பேய் காமெடிக்கு ஒரு ரூட் போட்டிருந்தன. ராம்பாலா அந்த ரூட்டையே கலாய்த்தார். காசுக்குப் பேய் வேஷம் போட வந்த கும்பல், நிஜப் பேயிடம் மாட்டிக்கொள்கிறது. 2019-இல் வந்த இரண்டாம் பாகத்தில், ஹீரோயினிடம் ‘ஐ லவ் யூ’ சொன்னால் பேய் அடிக்கும். பழைய டிவி ட்ரிக்தான். படத்துக்குப் பதில் இப்போது பேய்.

எங்கே சறுக்கியது?

2022-இல் மிர்ச்சி சிவா நடித்த ‘இடியட்’ அந்த அளவுக்கு எடுபடவில்லை. டிவியில் ஒரு ஜோக் விழாவிட்டால் அடுத்தது காப்பாற்றிவிடும். இரண்டு மணி நேரப் படத்துக்கு அது போதாது. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு ‘அடுத்து என்ன ஆகும்?’ என்ற கேள்வியும் ஓட வேண்டும். டிவியிலிருந்து வரும் எந்தக் காமெடி டைரக்டருக்கும் இதுதான் உண்மையான பரீட்சை.

இப்போது?

2023-இல் ‘டிடி ரிட்டர்ன்ஸ்’, 2025-இல் ‘டிடி நெக்ஸ்ட் லெவல்’ என்று அந்த வரிசை சந்தானத்தோடு தொடர்ந்தது. இயக்கியவர் எஸ்.பிரேம் ஆனந்த், அவரும் ‘லொள்ளு சபா’ டீமில் இருந்தவர்தான். இன்று மீம் போடுபவரும், ரீல்ஸில் சீனை உல்டா செய்பவரும் ராம்பாலா பெயரைக் கேள்விப்படாமலே இருக்கலாம். ஆனாலும், பெரிய ஹீரோவின் சீரியஸ் சீனைப் பார்த்து அவர்கள் கேட்பது, அன்றைக்கு ‘லொள்ளு சபா’ கேட்ட அதே கேள்விதான்: “ஏன்டா இப்படி?”