எழுதப்பட்ட இசை

இசை மிடற்றாற் பிறக்கும். அன்றேல் நரம்பாலும் துளையாலும் தோலாலும் பிறக்கும் என்றே யாம் கேட்டு வந்துளோம். பேனா முனையாற் பிறக்கும் எனின் நகைப்பாரும் உளர். ஆயினும் நார்மன் மக்லாரன் என்னும் ஓவியர் அங்ஙனமே இசை செய்தனர்.

இவர் 1914-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்து ஸ்டர்லிங் நகரிற் பிறந்தவர். கிளாஸ்கோ கலைக்கல்லூரியிற் பயின்ற காலத்துப் படம்பிடிக்குங் கருவி கைவசமின்மையால், பழைய பிலிம் சுருளொன்றைக் கழுவித் தெளிவாக்கி, அதன்மீதே வண்ணந் தீட்டினார். இல்லாமை கற்பித்த இவ்வித்தையே பின்னர் இசைக்கும் வழிகாட்டிற்று. 1940-இல் நியூயார்க்கில் இவர் இயற்றிய 'புள்ளிகள்', 'வளையங்கள்' என்னும் சிறு படங்களிற் காட்சியேயன்றி ஒலியும் கையால் வரைந்ததே.

ஒலியை வரைதல் யாங்ஙனம்? பேசும்படச் சுருளிற் காட்சிகளின் பக்கத்தே ஒடுங்கிய ஒலிப்பாதையொன்று ஓடும். பாடகர் குரல் அதிற் கருமையும் வெண்மையுமாய்ப் பதிந்திருக்கும். விளக்கொளி அதனூடே சென்று ஒளிமின்கலத்தின்மேல் விழும். கருமை மிகுந்துழி ஒளி குறையும், மின்னோட்டமும் உடன் குறையும். அவ்வேற்றத் தாழ்வே பெருக்கப்பெற்று ஓசையாகின்றது. கோடுகளைப் பதித்தது குரலோ பேனாவோ என்பதை அக்கருவி அறியாது. சுருள் நொடிக்கு 24 கட்டம் ஓடுவது. கட்டமொன்றிற் 10 கோடுகள் வரையின் நொடிக்கு 240 அதிர்வுகள். 20 வரையின் 480, அஃதாவது ஒரு ஸ்தாயி மேலே. கோடு பெருத்தால் ஓசை வலுக்கும்; அதன் வடிவு மாறினால் ஓசையின் நிறம் மாறும். எழுதுதல் என்னுஞ் சொல் ஓவியந் தீட்டுதலையுங் குறிக்கும் நம் பழந்தமிழ் வழக்கு இவ்விடத்து எமக்கு நினைவிற்கு வருகின்றது.

இவரே முதல்வர் என்றல் பொருந்தாது. ஜெர்மனியில் ரூடால்ப் பென்னிங்கர் 1930-களின் தொடக்கத்திலேயே இதனைச் செய்து காட்டினார். மக்லாரன் 1941-இற் கனடா தேசியத் திரைப்படக் கழகத்தை அடைந்தபின், ஈவ்லின் லாம்பார்ட் என்னும் அம்மையாரும் துணைநிற்ப, இம்முறையைச் செவ்வைப்படுத்தினார். அரைச்சுருதி ஒவ்வொன்றிற்கும் கோடிட்ட அட்டையொன்று. வேண்டிய அட்டையை எடுத்து வைத்துக் கட்டங் கட்டமாய்ப் படம்பிடிப்பர்.

பாடுவோன் உயிர்ப்பு இல்லாத இஃதும் இசையோ என ஐயுறுவார்க்கு யாம் முழு விடை கூறகில்லேம். அட்டைக்கொரு சுரமாதலின், சுரத்தினின்று சுரத்திற்கு வழுக்கிச் செல்லுங் கமகம் அதில் எளிதன்று, அக்குறை மெய்யே. ஆயினும் 1952-இல் வெளிவந்த 'அண்டை வீட்டார்' அவ்வையத்தைப் பெரிதும் தளர்த்துகின்றது. யுனெஸ்கோ சார்பாக 1949-இற் சீனஞ் சென்று அந்நாட்டு மக்களோடு வாழ்ந்தவர் மக்லாரன். கொரியப் போர் மூண்டது அவருள்ளத்தை வருத்தவே எழுந்தது இப்படம். வேலியோரத்துப் பூவொன்றின் பொருட்டு நட்பினர் இருவர் பொருது மடிகின்றனர். ஆண்டு மனிதக் குரலில்லை. வரைந்த ஒலியே துள்ளுகின்றது, உறுமுகின்றது. உயிரற்ற அவ்வொலி, மனிதத்தன்மை இழந்த அவ்விருவர்க்கும் மிகவும் ஏற்றதென்பது எம் கருத்து. அப்படம் ஆஸ்கார் பரிசும் பெற்றது.

1987-இல் மறைந்த இவர், 1971-இற் 'சின்க்ரோமி' என்னும் படத்தில், ஒலிக்குங் கோடுகளையே வண்ணமூட்டித் திரைநடுவே நிறுத்தினார். செவி கேட்பது யாதோ அதனையே கண்ணுங் காண்கின்றது. சுரம் உயருந்தோறும் கோடுகள் நெருங்குகின்றன, தாழுந்தோறும் அகல்கின்றன.