தாழம்பூவும் தறியும்

குளத்தில் மலர்ந்த தாமரை கலையாகுமா? ஆற்றில் கிடக்கும் கூழாங்கல் சிற்பமாகுமா? இயற்கை அழகைத் தருகிறது. அதனைத் தேர்ந்தெடுத்து, பிறர் கண்டு மகிழுமாறு அமைக்கும் மனிதச் செயலே கலை என்பது நம் துணிபு.

ஜப்பானியர் 'சூயிசெகி' என்னும் மரபில் மலையையோ தீவையோ நினைவூட்டும் கல்லைத் தேடி எடுப்பர். அதன் அடிப்பாகத்திற்கு இயைந்த மரப்பீடம் செய்து அதில் அமர்த்துவர். அங்கே தேர்வுதான் கலை. ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் (1898–1986) கற்களையும் எலும்புகளையும் சேகரித்து, அவற்றின் வளைவுகளை ஆராய்ந்து, தம் சிற்பங்களில் பயன்படுத்தினார்.

காஞ்சிபுரத்து நெசவாளரும் இவ்வழியினரே. தாழம்பூ ரேக்கு, மல்லிமொக்கு, மயில்கண், ருத்திராட்சம் ஆகிய யாவும் இயற்கையிலிருந்து பெற்றவை. ஆயின் பாவு நெடுக்காகவும் ஊடை குறுக்காகவும் செல்லும் தறியில் வளைகோடு கிடையாது. படிப்படியாக ஏறும் கட்டங்களே உண்டு. எவ்விழையைத் தூக்குவது, எதனை விடுவது என்று கட்டம் போட்ட தாளில் கணக்கிட்ட பின்னரே மடல் துணியில் விரியும். ஒரு கட்டம் பிசகினும் பூ கோணிவிடும்.

நாம் பார்வையிட்ட கணக்கேடுகள் பலவற்றில் நூலுக்கும் சரிகைக்கும் சாயத்திற்கும் நெசவுக் கூலிக்கும் தனித்தனிப் பற்று உண்டு. உருவம் வகுத்தவருக்கு ஒரு வரியும் இல்லை. இது முறையன்று. நிர்வாகக் குழுவினர் அவ்வுழைப்புக்குத் தனி ஊதியம் வகுத்தல் வேண்டும்.

வடிவத்தைக் காக்கவும் வழியுண்டு. 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதிய வடிவத்தைப் பதிவு செய்தால் 10 ஆண்டுகளும், நீட்டிக்கக் கோரினால் மேலும் 5 ஆண்டுகளும் உரிமை கிட்டும். ஆனால் முன்னரே வெளியான வடிவம் பதிவுக்கு ஏலாது. ஆகவே, புதிய கரையைக் கண்காட்சியில் வைக்குமுன் விண்ணப்பித்துவிடுதல் நலம். வழிவழி வந்த தாழம்பூ ரேக்கு யாவருக்கும் பொது. அதனை ஒருவர் தமக்கே உரியதாக்கிக்கொள்ள இயலாது.

விவசாய அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் உள்ளே ஐந்து அறைகள் விண்மீன்போல் தோன்றும். நெற்கதிரின் சாய்வும் அவரைக்கொடியின் சுருளும் நாள்தோறும் அவர்கள் காண்பவையே. அவற்றுள் கண்ணைக் கவர்ந்த ஒன்றை நெசவாள அன்பரிடம் கொண்டுபோய்க் காட்டட்டும். புதிய கரை ஒன்று அதிலிருந்து பிறக்கக்கூடும்.