ஏற்காடு ஏறும்போது கார் ஏ.சி. டல் ஆகுதா? கேஸ் கேன் வாங்கும் முன் இதைப் படிங்க!

சேலம் அடிவாரத்தில் இருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். வீக் எண்டில் கிளம்பும் பலர் பாதி மலையில் கேட்பது இதுதான்: “என்னடா, ஏ.சி.ல வெறும் காத்துதான் வருது?” உடனே வரும் பதில்: “கேஸ் கம்மியா இருக்கும். ஆன்லைன்ல கேன் வாங்கி நாமளே அடிச்சுக்கலாம்.” இது சரியா?

மலையில் மட்டும் ஏன்?

சிறிய இன்ஜின் கார்கள் பலவற்றில் ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்தால், இழுவை குறையாமல் இருக்க ஏ.சி. கம்ப்ரஸர் சில நொடிகள் தானாகவே நின்றுவிடும். இன்ஜின் ரொம்ப சூடானாலும் இப்படி நடக்கும். சமதளம் வந்ததும் குளிர்ச்சி திரும்பினால், கேஸ் மீது பழி போட வேண்டாம்.

கேஸ் தீர்ந்து போகுமா?

பெட்ரோல் மாதிரி எரிந்து தீராது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். பல வருடங்களில் கொஞ்சம் குறைவது இயல்பு. நிரப்பிய சில மாதங்களிலேயே குறைந்தால், எங்கோ லீக். அதை அடைக்காமல் கேஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் கதைதான்.

வீட்டில் நிரப்பினால் என்ன சிக்கல்?

* அளவு: எத்தனை கிராம் தேவை என்பது பெரும்பாலும் பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் இருக்கும். கேனுடன் வரும் மீட்டர் காட்டுவது அழுத்தத்தை, எடையை அல்ல. அதே அளவு கேஸ், ஏற்காடு குளிரில் குறைவாகவும் சேலம் வெயிலில் அதிகமாகவும் அழுத்தம் காட்டும். அதை நம்பி கூடுதலாக அடித்தால் கம்ப்ரஸருக்கே ஆபத்து.
* ஈரம்: உள்ளே புகுந்த காற்றையும் ஈரத்தையும் வேக்யூம் பம்ப் போட்டுத்தான் வெளியேற்ற முடியும். கேனால் முடியாது.
* வகை: ஆர்-134ஏ, ஆர்-1234ஒய்எஃப் இரண்டையும் கலக்கவே கூடாது.
* காயம்: ஆர்-134ஏ கொதிப்பது மைனஸ் 26 டிகிரியில். தோலில் பட்டால் உறைபனிக் காயம், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உயர் அழுத்தக் குழாயில் மாட்டினால் கேன் வெடிக்கலாம்.

காற்றில் கலந்தால்?

ஆர்-134ஏ, கார்பன் டை ஆக்சைடைவிடச் சுமார் 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். இவ்வகை வாயுக்களைக் குறைக்கத்தான் 2016-ல் கிகாலி ஒப்பந்தம் வந்தது. இந்தியா 2021-ல் அதை ஏற்றது.

அப்போ என்ன செய்யலாம்?

கேபின் ஃபில்டரை மாற்றுவது, கண்டென்சர் தூசியை மெதுவாகக் கழுவுவது, ஃபேன் சுற்றுகிறதா என்று பார்ப்பது... இவற்றை வீட்டிலேயே செய்யலாம். கேஸ் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். மூன்றை மட்டும் கேளுங்கள்: “லீக் டெஸ்ட் பண்ணீங்களா? வேக்யூம் போட்டீங்களா? எத்தனை கிராம் ஏத்துனீங்க?”