டி-வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வருமா?

சில மாதங்களுக்கு முன் இரவு பத்து மணிக்கு எனக்குத் தெரிந்த ஒருவரிடமிருந்து போன் வந்தது. கம்ப்யூட்டர் வாங்கி அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "சார், பையன் கேம் விளையாடிக்கிட்டு இருந்தான். டி-வைரஸ் ஊர் முழுக்கப் பரவிடுச்சுன்னு ஸ்கிரீன்ல வந்துது. பயந்து போய் பிளக்கைப் பிடுங்கிட்டேன். ஹார்ட் டிஸ்க் போயிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். உடம்புக்கு வருவதும் வைரஸ், கம்ப்யூட்டருக்கு வருவதும் வைரஸ், கேமில் வருவதும் வைரஸ் என்றால் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர் குழம்பத்தானே செய்வார்? இந்த மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம்.

டி-வைரஸ் என்றால் என்ன?

ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1996-ல் பிளேஸ்டேஷனுக்காக ஒரு திகில் கேமை வெளியிட்டது. இயக்கியவர் ஷின்ஜி மிகாமி. ஜப்பானில் இதன் பெயர் பயோஹசார்ட். மற்ற நாடுகளில் ரெசிடென்ட் ஈவில். பிறகு விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கும் வந்தது.

கதையில் அம்ப்ரெல்லா என்றொரு மருந்துக் கம்பெனி இருக்கிறது. வெளியில் மருந்து விற்கும் இந்தக் கம்பெனி, ரகசியமாக உயிரி ஆயுதம் தயாரிக்கிறது. ஏற்கெனவே கண்டுபிடித்த ஒரு வைரஸோடு அட்டைப்பூச்சியின் மரபணுவைச் சேர்த்து உருவாக்கியதுதான் டி-வைரஸ். 'டி' என்பது டைரன்ட், அதாவது கொடுங்கோலன் என்ற சொல்லின் முதல் எழுத்து.

இது தொற்றிய மனிதன் அறிவிழந்து, தீராத பசியோடு அலையும் ஸோம்பி ஆகிறான். நாய், காகம், சிலந்தி, பாம்பு எதையும் இது விடுவதில்லை. ஒரே வைரஸ் ஒவ்வோர் உயிரையும் ஒவ்வொரு விதமாக உருமாற்றுகிறது. உடலமைப்பு பொருந்தி வரும் மிகச் சிலர் மட்டும் ஸோம்பி ஆகாமல் டைரன்ட் என்ற ராட்சத உருவமாக மாற்றப்படுகிறார்கள். 1998-ல் வந்த இரண்டாம் பாகத்தில், சோதனைச்சாலையிலிருந்து களவாடப்பட்ட டி-வைரஸ் குப்பிகள் சாக்கடையில் உடைந்து போகின்றன. எலிகள் மூலம் ராக்கூன் சிட்டி என்ற ஊர் முழுவதும் பரவுகிறது. நண்பர் பார்த்துப் பயந்தது இந்தக் கதையைத்தான்.

இதில் உண்மை எவ்வளவு?

நிஜ வைரஸும் செல்லுக்குள் நுழைந்து, அந்தச் செல்லையே தொழிற்சாலையாக்கித் தன்னைப் போலப் பல பிரதிகள் எடுக்கிறது. எச்.ஐ.வி. போன்றவை தங்கள் மரபணுச் செய்தியை நம் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடும். வெறிநாய்க்கடி வைரஸ் கடி மூலம் பரவி மூளையைத் தாக்கும். இதுவரை கதையும் அறிவியலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஆனால் வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். செத்த உடம்பை எழுப்பி நடக்க வைப்பதும், ஒரு பிராணியைக் கொஞ்ச நேரத்தில் ராட்சத உருவமாக்குவதும் முழுக்க முழுக்கக் கற்பனையே.

கேமுக்குள் வைரஸ் எங்கே இருக்கிறது?

கேமில் உங்கள் பாத்திரத்தின் உடல்நிலை வெறும் ஓர் எண். ஸோம்பி கடித்தால் அந்த எண் குறையும். பச்சை மூலிகையைப் பயன்படுத்தினால் கூடும். திரையில் ஃபைன், காஷன், டேஞ்சர் என்று காட்டுவது அந்த எண்ணைத்தான். வேடிக்கை என்னவென்றால், முதல் பாகத்தில் எத்தனை தடவை கடி வாங்கினாலும் நம் கதாநாயகன் ஸோம்பி ஆவதே இல்லை! மூலிகை சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார். வைரஸ் இருப்பது கதையில். புரோகிராமில் இருப்பது கூட்டலும் கழித்தலும் படங்களும் ஒலியும் மட்டுமே. கேமை மூடினால் அதுவும் நின்றுவிடும். எனவே டி-வைரஸ் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வராது.

ஆனால் பயந்து போய் பிளக்கைப் பிடுங்காதீர்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஏதாவது எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகலாம். கேமை உடனே மூட வேண்டுமானால் ஆல்ட், எஃப்4 கீகளை ஒன்றாக அழுத்துங்கள். பெரும்பாலான கேம்கள் மூடிக்கொள்ளும்.

நிஜமான கம்ப்யூட்டர் வைரஸ்

1983-ல் அமெரிக்க மாணவர் ஃபிரெட் கோஹன், மற்ற புரோகிராம்களோடு தன்னையே ஒட்டிக்கொண்டு பரவும் ஒரு புரோகிராமைச் சோதித்தார். அதற்கு வைரஸ் என்ற பெயரைச் சொன்னவர் அவருடைய ஆசிரியர் லென் அடில்மேன். 1986-ல் லாகூரில் எழுதப்பட்ட 'பிரெயின்' வைரஸ் ஃபிளாப்பிகள் மூலம் பல நாடுகளுக்குப் போனது. 1990-களில் ஒவ்வொரு பிரதியிலும் தன் தோற்றத்தை மாற்றிக்கொள்ளும் வைரஸ்கள் வந்தன. டி-வைரஸுக்குக் கொஞ்சமாவது உறவு என்றால் இவைதான். ஆன்ட்டி வைரஸை அடிக்கடி அப்டேட் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

நண்பர் வீட்டுக்கு மறுநாள் போனேன். ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆன்ட்டி வைரஸ் ஆஃப் ஆகியிருந்தது. பையனைக் கேட்டேன். கேமைப் பணம் கொடுத்து வாங்கவில்லையாம். யாரோ பென் டிரைவில் கொடுத்த காப்பியாம். "இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி ஆன்ட்டி வைரஸை நிறுத்தணும்னு அதுலயே எழுதியிருந்தது அங்கிள்" என்றான். ஆன் செய்து ஸ்கேன் செய்ததில் இரண்டு ட்ரோஜன்கள் சிக்கின. ஒன்று பாஸ்வேர்டு திருடும் வகை. அதே கம்ப்யூட்டரில்தான் நண்பர் நெட் பேங்கிங் செய்துகொண்டிருந்தார். வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றினோம். நல்லவேளையாகப் பணம் எதுவும் போகவில்லை.

டி-வைரஸை உருவாக்கிய கேப்காமே 2020 நவம்பரில் ரேன்சம்வேர் தாக்குதலுக்கு ஆளானது. ஃபைல்களைப் பூட்டி வைத்துப் பணம் கேட்கும் புரோகிராம் இது. 15,000-க்கும் அதிகமானோரின் விவரங்கள் வெளியானது உறுதியானது. திருடர்கள் நுழைந்த வழி, வட அமெரிக்கக் கிளையில் அவசரத்துக்கு என்று விட்டு வைத்திருந்த ஒரு பழைய நெட்வொர்க் கருவி. அம்ப்ரெல்லாவின் வைரஸ் சாக்கடை வழியாக வெளியேறியது. கேப்காமுக்கு வந்த ஆபத்து, அதிகம் கவனிக்காத ஒரு கதவு வழியாக உள்ளே வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. ஆன்ட்டி வைரஸை ஆஃப் செய்யச் சொல்லும் எந்தக் கேமையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். கேமை அதற்குரிய கடையிலோ ஆன்லைன் ஸ்டோரிலோ மட்டுமே வாங்குங்கள்.

2. ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டி என்று தேடித் திறந்து, பாதுகாப்பு ஆன் ஆகியிருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள்.

3. பிள்ளைகளுக்குத் தனி யூசர் அக்கவுன்ட் கொடுங்கள். அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும்.

4. போட்டோக்களையும் முக்கிய ஃபைல்களையும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் காப்பி எடுத்து, அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.

5. வயது முத்திரையைப் பாருங்கள். ரெசிடென்ட் ஈவில் வரிசையின் முக்கிய கேம்களுக்கு அமெரிக்காவில் 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கான முத்திரை தரப்பட்டுள்ளது. நண்பரின் மகன் எட்டாம் வகுப்புப் படிக்கிறான்!

அந்தக் கேமை அழித்துவிட்டோம். பையனுக்கு என் மேல் இன்னும் கொஞ்சம் கோபம்தான். அவன் வயதுக்கேற்ற ஒரு கார் ரேஸ் கேமை ஒரிஜினலாகவே வாங்கித் தருவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.