அப்பாவுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்?

சென்ற ஆண்டு என் அப்பா திருச்சியிலிருந்து சிங்கப்பூரில் உள்ள அக்கா வீட்டிற்குச் சென்றார். நான் பயன்படுத்தி வந்த 15.6 இன்ச் லேப்டாப்பைக் கொடுத்து அனுப்பினேன். எங்கள் குடியிருப்போர் சங்கக் கணக்கை அவர்தான் எக்செலில் எழுதி வருகிறார். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பியவர், லேப்டாப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை என்றார். தூக்க முடியாத கனம், சின்ன எழுத்து, அங்குள்ள பிளக் பாயிண்ட்டில் நுழையாத சார்ஜர். "உன்னை எதுக்குப்பா தொந்தரவு பண்ணணும்னு விட்டுட்டேன்" என்றார். பிராசசர் வேகத்தைப் பார்த்த நான், அவருடைய தோளையும் கண்ணையும் பார்க்கத் தவறிவிட்டேன்.

இந்த முறை புதிதாக வாங்கியபோது கவனித்தவற்றை இங்கே தருகிறேன்.

எடை

விளம்பரங்களில் தரப்படும் எடையில் பொதுவாகச் சார்ஜர் சேராது. பழைய லேப்டாப் சார்ஜருடன் சேர்ந்து ஏறக்குறைய 3 கிலோ. அதாவது மூன்று ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள்! அவற்றை ஒரு பையில் போட்டுத் தோளில் மாட்டிப் பார்த்தால் உங்களுக்கே புரியும். லேப்டாப் மட்டும் 1.4 கிலோவுக்குள் இருக்குமாறு பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ள மாடல் வேண்டாம். எடையும் சூடும் கூடும். பேட்டரி சீக்கிரம் தீரும்.

திரை

13 இன்ச் இன்னும் லேசாக இருக்கும். ஆனால் எழுத்தைப் பெரிதாக்கியதும் எக்செலில் சில வரிசைகளே தெரியும். 14 இன்ச், 1920 x 1200 பிக்சல், பளபளக்காத மேட் திரை நல்லது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் என்று சென்று 125 அல்லது 150 சதவீதம் வைக்கலாம். கடையிலேயே இப்படி வைத்து, அவரை ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்துப் பார்ப்பதால் பயனில்லை.

ரேம், டிஸ்க்

பிரவுசர், எக்செல், வீடியோ கால் ஆகியவற்றுக்கு 8 ஜிபி ரேம் போதும். ஆனால் மெல்லிய லேப்டாப்புகள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட முடியாது. எனவே முடிந்தால் 16 ஜிபி வாங்கிவிடுங்கள். 512 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். பழைய லேப்டாப் மலிவாகக் கிடைத்தால் உஷார்! விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்குமா என்று கேளுங்கள்.

சார்ஜரும் பேட்டரியும்

யூ.எஸ்.பி. டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலைத் தேர்ந்தெடுங்கள். அப்பாவின் போனுக்கும் அதே சார்ஜர் உதவும். டைப்-சி போர்ட் இருந்தாலே சார்ஜ் ஆகும் என்பதில்லை. கேட்டு உறுதி செய்யுங்கள். சார்ஜரில் 100-240V என்று அச்சிட்டிருந்தால் வெளிநாட்டிலும் பயன்படும். சிங்கப்பூரில் பிளக்கின் முனைகள் செவ்வகமாக இருக்கும். அதற்கு ஒரு சிறிய அடாப்டர் போதும்.

விமானத்தில் லேப்டாப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது.

கொடுக்கும் முன்

கைரேகையைப் பதிவு செய்து கொடுங்கள். பாஸ்வேர்டு மறந்தாலும் திறக்கலாம். விண்டோஸிலேயே தமிழ் 99 கீபோர்டு உள்ளது, அதையும் சேர்த்துவிடுங்கள். டச்பேடு பழகாதவர்களுக்கு ஒரு சின்ன மவுஸ் அவசியம்.

தூரத்திலிருந்து உதவ விண்டோஸில் குயிக் அசிஸ்ட் இருக்கிறது. நீங்கள் தரும் கோடை அவர் டைப் செய்து அனுமதித்தால், அவருடைய திரை உங்களுக்குத் தெரியும். மோசடிக்காரர்களும் இதே வழியில் நுழையப் பார்ப்பார்கள். "நான் போன் பண்ணிச் சொன்னா மட்டும் போடுங்கப்பா, வேற யார் கேட்டாலும் வேண்டாம்" என்று அழுத்திச் சொன்னேன். புறப்படும் முன் வீட்டிலேயே இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தோம்.

அப்பா இப்போது மீண்டும் அக்கா வீட்டில் இருக்கிறார். போன மாதக் கணக்கு 5-ம் தேதியே எனக்கும் சங்கச் செயலாளருக்கும் மெயிலில் வந்துவிட்டது. உதவி கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வாங்கும்போது, அவரையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.